ஜீப் ஏறாமல் ஒரு விற்பனை

ஆலங்காயத்தில் சோலார் கடை வைத்திருக்கும் பாஷா பாய்க்கு ஜீப் வாடகை என்றாலே வயிற்றெரிச்சல். புதூர்நாட்டில் ஒரு வீட்டுக்குப் பேனல் விற்க, மாடியை அளக்க ஒரு தடவை, விலை சொல்ல ஒரு தடவை, கையெழுத்து வாங்க ஒரு தடவை மலையேற வேண்டும். அந்தச் செலவெல்லாம் வாங்குகிறவர் தலையில்தான் விழும். விலையைக் கேட்டதும் அவர், "யோசிச்சி சொல்றங்க" என்பார். அந்த யோசனை இன்றுவரை முடிந்ததில்லை.

கடையில் வேலை பார்க்கும் ரேணுகாதேவி புதூர்நாட்டுக்காரி. கம்ப்யூட்டர் படித்தவள், மகா பிடிவாதக்காரி. தன் ஊர்க்காரர்களுக்கு விலை குறைய வேண்டும் என்று மாதக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொண்டு, வானத்திலிருந்து எடுத்த படத்தை வைத்தே மாடியை அளந்து விலை சொல்லும் ஆப் ஒன்றைச் செய்தாள்.

"ஜீப் ஏறாம மலையில ஒரே ஒரு ஆர்டர் புடிச்சிக் காட்டும்மா. இல்லன்னா மலை வியாபாரத்தையே வுட்டுடலாம்" என்றார் பாய்.

ரேணுகா ஆப்பில் ஊரைத் திறந்தாள். வீட்டுக்கு வீடு ஒரே பதில்: 'ஏற்கெனவே பேனல் உள்ளது.' அவள் சொந்த வீட்டுக்கும் அதே பதில்தான்.

"அரே! எவன் அது, நமக்குத் தெரியாம மலை முழுக்க வித்தவன்?" என்று பாய் குதித்தார்.

"எங்க வூட்டுல எதுவும் வெக்கலைங்க பாய்" என்று அவள் சொன்னது அவர் காதில் ஏறவில்லை. ஜீப் செலவை ஒழிக்கப் பிறந்த ஆப், முதல் வேலையாக ஒரு ஜீப்பை வாடகைக்குப் பிடிக்க வைத்தது.

ரேணுகா வீட்டு மாடியில் ஏறிப் பார்த்தால், கருகருவென்று கட்டம் கட்டமாகப் புளி காய்ந்துகொண்டிருந்தது. வானத்துப் படமும் புளி காயும் மாதத்தில் எடுத்ததுதான். பாய் கொஞ்சம் கிள்ளி வாயில் போட்டு முகத்தைச் சுளித்தார். "இதானா மலை முழுக்க வித்த அந்தக் கம்பெனி?"

ரேணுகா விழுந்து விழுந்து சிரித்தாள். அவள் அம்மா சாந்தம்மாள் சிரிக்கவில்லை. "இங்க பேனல வெச்சிட்டா புளிய இன்னா என் தலையிலயா காய வெப்பேன்?"

லீவு நாளெல்லாம் அந்தப் புளியைக் கிளறிவிட்ட ரேணுகாவுக்கு இது எப்படித் தோன்றாமல் போயிற்று! வெட்கம் பிடுங்கித் தின்றது. அங்கேயே லேப்டாப்பைத் திறந்து ஆப்பை மாற்றினாள். இனி வீட்டுக்காரரே படத்தில் விரலால் கோடு போட்டுத் தனக்கு வேண்டிய இடத்தை ஒதுக்கிக்கொள்ளலாம். மிச்சத்துக்குத்தான் விலை. அதற்குள் பாய் களி தின்று, ஒரு தூக்கமும் போட்டு எழுந்தார்.

சாந்தம்மாள் கோடு போட்டாள். புளிக்கு இடம், மிளகாய்க்கு இடம், தான் உட்கார்ந்து தலை வார இடம். மிஞ்சிய மூலைக்கு வந்த விலையைப் பார்த்ததும், "அட, இவ்ளோதானா? வெச்சிடு" என்றாள்.

"செல்லாது. நீ ஜீப்புல வந்துதானே வித்தே?" என்றார் பாய். பந்தயம் என்று வந்துவிட்டால் மனுஷன் ஈவிரக்கம் பார்க்கமாட்டார்.

ரேணுகாவுக்கு அழுகை முட்டியது. ஆனாலும் கிளம்பும்போது பக்கத்து வீட்டுக் காந்தாவின் போனில் ஆப்பைப் போட்டுக் கொடுத்தாள். "நீங்களே கோடு போட்டுப் பாருங்க அக்கா."

ஜீப் பாதி மலை இறங்குவதற்குள் ரேணுகாவின் போன் கூவியது. காந்தா பாதி மாடியைப் புளிக்கு ஒதுக்கிவிட்டு, மீதிக்குப் பேனல் கேட்டு ஆர்டர் போட்டிருந்தாள்.

பாய்க்குச் சந்தோஷம் தாங்கவில்லை. டிரைவர் தோளைத் தட்டினார். "வண்டியத் திருப்புப்பா! ஒரு எட்டு நேர்ல பாத்துட்டு வந்துடலாம்."

"திருப்பாதீங்க!"

ரேணுகா போட்ட சத்தத்தில் டிரைவர் பிரேக்கை மிதித்துவிட்டார். முதலாளி முன்னால் ஒருநாளும் குரலை உயர்த்தாதவள் அவள். "நாம இப்ப மேல போனா இந்த ஆர்டரும் செல்லாதுங்க பாய்."

பாய் டிரைவர் தோளிலிருந்து கையை எடுத்துக்கொண்டார். ஜீப் ஆலங்காயத்தைப் பார்த்து இறங்கியது.