முதல் முடிச்சு அவளுக்கு

கயிறு கட்டிக்கொண்டு குடித்தால் அம்மன் கையை முடக்கிவிடுவாள் என்று நம்பியவன் நான். செஞ்சிக் கோட்டை அடிவாரத்துக் கோயில் பூசாரியிடம் தனியாகப் போய், குடியை நிறுத்தக் கயிறு கட்டிக்கொண்ட எட்டாம் நாளே குடித்தேன். விடிந்தபோது வலக்கை மரத்துக் கிடந்தது. மனைவியோடு கோயிலுக்கு ஓடினேன். எனக்கு முன்பே என் அலறல் போய்ச் சேர்ந்துவிட்டது.

நரைத்த மீசையும் மடியில் மஞ்சள் நூல்கண்டுமாகப் பூசாரி உட்கார்ந்திருந்தார். மனைவியோடு யார் வந்தாலும் வீட்டுக்காரிக்குத்தான் முதலில் கட்டுவார்.

“கை மேல படுத்துத் தூங்கினியா?”

“ஆமா சாமி.”

“அப்ப அம்மன் மேல பழி போடாத. நீ வாம்மா, கைய நீட்டு.”

“குடிச்சது நான். அவளுக்கு இன்னாத்துக்கு?”

“தெனம் பயந்து சாவறது அவதானே? அவளுக்குத்தான் மொதல்ல அம்மன் தொண வேணும்.”

கை பத்து நிமிடத்தில் சரியாகிவிட்டது. பிறகும் இருமுறை கயிறு மாற்ற வேண்டியிருந்தது. நான்காவது கயிற்றில் குடியை விட்டேன்.