நூறு மணியும் தங்கூசியும்: திருகோணமலை நடனப் போட்டிக்குப் போன கதை

சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் வேறு யாராவது காணொளியைக் காட்டி உங்களுக்குச் சொல்வதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன். ஐம்பத்திரண்டு வயதில், தொண்ணூற்றொரு கிலோ எடையில், திருகோணமலைச் சந்தைக்குப் பக்கத்தில் ஒரு பித்தளைக் கடை வாசலில், காற்சட்டையை முழங்கால் வரை சுருட்டி, காலில் சலங்கை கட்டிக்கொண்டு எட்டுத் தரம் குதித்தேன். பார்த்தது, கைபேசியில் படம் பிடித்தவரோடு சேர்த்துப் பதினொரு பேரும் ஒரு மானும். மான் மட்டும் சிரிக்கவில்லை.

வவுனியாவில் நானும் தங்கை வசந்தியும் அவளுடைய மகள் யதுசாவும் ஒரே வீட்டில் இருக்கிறோம்; மச்சானுக்குக் கட்டாரில் வேலை. யதுசாவுக்கு வயது பதின்மூன்று. ஒரு தொலைக்காட்சி நடத்தும் இளையோர் சர்வதேச நடனப் போட்டியில் இறுதிச் சுற்றுக்கு வந்துவிட்டாள். ஆறு நாட்டுப் பிள்ளைகள். போன ஆவணியில் ஒரு சனிக்கிழமை, திருகோணமலை உள்துறைமுகத்தைப் பின்னணியாக வைத்து மேடை போட்டுப் பதிவு செய்தார்கள். எங்கள் ஒழுங்கையில் வீடு வீடாக எல்லாரிடமும், "நடுவர்மாரோட கொஞ்சம் கதைக்க வேண்டிக் கிடக்கு, அதுதான் போறன்" என்று சொல்லி வைத்தேன். உண்மையில் எனக்குத் தந்த பொறுப்பு ஒரு பையைக் கொண்டுபோவது.

தாயும் மகளும் வியாழனே ஒத்திகைக்குப் போய்ப் பாலையூற்றில் தெரிந்தவர் வீட்டில் தங்கிவிட்டார்கள். சலங்கையையும் மேடைச் சாமான்களையும் விட்டுப் போனார்கள். பெரிய மேடைக்கு முந்திய வெள்ளிக்கிழமை சலங்கையைச் சாமியறையில் படத்தடியில் வைத்து, பூப் போட்டு, மறுநாள் எடுப்பது எங்கள் வீட்டு வழக்கம். வெள்ளியன்று விளக்கு வைப்பது என் வேலை. சனி விடியச் சாமான்களைக் கொண்டு போவதும் என் வேலை. வசந்தி பட்டியல் எழுதித் தந்திருந்தாள். சவரி, கொண்டை ஊசி, நெற்றிச்சுட்டி, இஞ்சி பிஸ்கற் என்று பதினேழு சாமான். ஒவ்வொன்றுக்கும் சரி போட்டுப் பையில் வைத்தேன். சாமியறையில் இருப்பதை யாராவது பட்டியலில் எழுதுவார்களா? அவள் எழுதவில்லை. நான் எடுக்கவில்லை.

காலை 6.15க்குப் பஸ். ஹொரவப்பொத்தானை வழியாக 95 கிலோமீற்றர், 410 ரூபாய். இடப்பக்கச் சீற்றில் இருந்தால் வெயில் முகத்திலேயே அடிக்கும், வலப்பக்கம் பிடியுங்கள். நான் இடப்பக்கம் இருந்தேன், உங்களுக்குச் சொல்வதற்காகத்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஹொரவப்பொத்தானையில் பத்து நிமிடம் நிற்கும். பிளேன்ரீ ஐம்பது ரூபாய். 9.10க்குத் திருகோணமலை பஸ் நிலையம். அங்கே மான்கள் ஆடு மாதிரி நடமாடும், சாப்பாட்டுப் பொதியைக் கையில் தொங்கவிடாதீர்கள்.

பஸ் நிலையத்திலிருந்து மேடைக்கு ஒன்றரைக் கிலோமீற்றர், ஆட்டோவுக்கு 250 ரூபாய். ஓட்டியவர் நசீர் காக்கா (அங்கே முஸ்லிம் ஆட்கள் அண்ணனைக் காக்கா என்பார்கள்), கிண்ணியாக்காரர், அறுபது வயதிருக்கும். முப்பது வருடம் கடலுக்குப் போனவராம். ஐந்து நிமிட ஓட்டத்தில் என் வயது, சம்பளம், ஏன் கலியாணம் கட்டவில்லை என்பது வரை கேட்டு முடித்துவிட்டார். எனக்கே என்னைப் பற்றி அவ்வளவு தெரியாது.

மேடைக்குப் பின்னால் கூடாரங்கள். ஒன்றில் நாலு பொடியன்கள் தலையில் நின்று பம்பரமாகச் சுழன்றார்கள். இன்னொன்றில் மாலைதீவுப் பிள்ளைகள் மேளம் தட்டினார்கள். நடுவர்மார் எங்கே என்று நான் எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கையில் வசந்தி பையைத் திறந்தாள். நேரம் 10.40.

"அண்ணா, சலங்கை எங்க?"

"பையில வடிவாப் பார்."

"பார்த்திட்டன், இல்லை."

"பட்டியல்ல இருந்ததெல்லாம் வைச்சனான்."

"பட்டியல்ல சலங்கையை எழுதுவினமே? நீங்கள்தானே விளக்கு வைச்சனீங்கள்!"

வவுனியாவில் இருந்து பஸ்ஸில் கொடுத்தனுப்பச் சொல்லலாம் என்று ஒரு யோசனை வந்தது. வீட்டைப் பூட்டிய திறப்போ என் பொக்கட்டில் கிடந்தது. போய்த் திரும்ப ஆறு மணித்தியாலம் வேண்டும். யதுசாவின் முறை 3.20க்கு. அவள் சத்தம் போட்டிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். முகத்துக்குப் பூசி முடித்து, கதிரையில் இருந்து, தன் வெறுங்காலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சலங்கை இல்லாம நான் ஏறமாட்டன் மாமா."

அவ்வளவுதான் சொன்னாள். இரண்டு வருடப் பயிற்சி அந்த ஒரு வரியில் நின்றது. பக்கத்துக் கூடாரத்து மலேசியப் பிள்ளையின் தாய் தங்களிடம் இருந்த இன்னொரு சோடியை நீட்டினார். நல்ல மனுசி. வசந்தி நடன ரீச்சருக்குத் தொலைபேசி எடுத்தாள். ரீச்சரின் குரல் எனக்கும் கேட்டது: "வேற பிள்ளையின்ர சலங்கை யதுசாவின்ர காலுக்கு வேண்டாம். புதுசு வாங்கிக் கோயில்ல வைச்சு எடுத்துக் கட்டுங்கோ." பிறகு, "பையை ஆர் கொண்டு வந்தது?" என்றும் கேட்டார். வசந்தி என்னைப் பார்த்தாள்.

வெளியே நசீர் காக்கா அடுத்த சவாரியைப் பார்த்துக்கொண்டு இன்னும் நின்றார். விசயத்தைச் சொன்னேன். "ஏறுங்க அண்ண" என்றார்.

மூன்று கடையில் கேட்டோம், சலங்கை இல்லை. நாலாவது பித்தளைக் கடையில் ஒரு தகரப் பேணி நிறையச் சின்ன மணிகள் கிடந்தன. ஒன்று முப்பத்தைந்து ரூபாய். நூறு வேண்டும் என்றேன்.

கடைக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "எத்தினை ஆடு உங்களிட்ட?"

"ஆடு இல்லை, ஒரு மருமகள்தான்."

மணி கிடைத்தது, எதில் கோப்பது? நசீர் காக்கா ஆட்டோவின் சீற்றைத் தூக்கினார். அடியில், மெத்தை உறை போட வைத்திருந்த றெக்சின் துண்டு, ஒரு தடித்த ஊசி, ஒரு சுருள் தங்கூசி. மீன் பிடிக்கும் நைலோன் நூலைத்தான் சொல்கிறேன். கடை வாசற்படியில் சப்பணமிட்டு இருந்து வேலையைத் தொடங்கினார். ஒவ்வொரு மணிக்கும் தனி முடிச்சு, அதை ஒவ்வொரு தரமும் பல்லால் இழுத்து இறுக்கினார். நான் மணி எடுத்துக் கொடுத்தேன்; அதிலும் இரண்டு தரம் எண்ணிக்கை பிழைத்தேன்.

"இது வலை முடிச்சு அண்ண. சூரை மீன் இழுத்தும் கழண்டதில்ல. உங்கட மருமகள் சூரைய விடப் பலமா?"

"கோவம் வந்தால் ஓம்."

1.25க்கு இரண்டும் தயார். "குதிச்சுப் பாருங்க. முடிச்சு நல்லம் எண்டு வாயால சொல்லிக் காணாது" என்றார். நீங்கள் குதியுங்கள் என்றேன். "எனக்கு முழங்கால் ஏலாது. உங்களுக்கு வெட்கம் மட்டும்தானே." மறுக்க வழியில்லை. குதித்தேன். ஒரு மணியும் கழலவில்லை. என் காற்சட்டைத் தையல்தான் கழன்றது.

காளி கோயிலுக்கு ஓடினோம். மத்தியானப் பூசை முடிந்து கதவு பூட்டியிருந்தது. திறக்க நாலு மணியாகும். சலங்கையை ஏந்திக்கொண்டு வாசலில் நின்ற என்னைப் பூக்கடை அம்மா பார்த்தார்.

"என்ன தம்பி, முழிச்சுக்கொண்டு நிக்கிறீங்கள்?"

சொன்னேன்.

"கதவுதானே பூட்டியிருக்கு. அம்மாள் வீட்டிலதான் இருக்கிறா. படியில வைச்சு எடுங்கோ."

வைத்தேன். தன் கூடையிலிருந்து இரண்டு செவ்வரத்தம்பூ எடுத்து அவரே மேலே போட்டார். காசு நீட்ட, "முதல்ல பிள்ளை ஆடட்டும்" என்று துரத்திவிட்டார்.

2.15க்குக் கூடாரத்தில் நின்றோம். யதுசா சலங்கையை வாங்கி முகத்துக்குக் கிட்டக் கொண்டுபோனாள்.

"மாமா, இதில மீன் மணக்குது."

"துறைமுகத்துச் சலங்கை அப்படித்தான்."

அன்றைக்கு முதல் தடவையாகச் சிரித்தாள். கண்ணில் ஒற்றி, காலில் கட்டிக்கொண்டாள்.

3.20க்கு ஏறினாள். பின்னால் துறைமுகத்தில் ஒரு கப்பல் அசையாமல் நின்றது, முன்னால் நானும் அப்படித்தான். முதல் தட்டிலேயே நூறு மணியின் சத்தமும் ஒன்றாக விழுந்தது. அதற்குப் பிறகு அவள் முகத்தைப் பார்த்தவர்களுக்கு, காலையில் அழுகைக்குக் கிட்ட நின்ற பிள்ளை இவள்தான் என்று சொன்னால் நம்பியிருக்க மாட்டார்கள். பக்கத்தில் நசீர் காக்கா, அறிமுகமே இல்லாத ஆட்களை முழங்கையால் இடித்து, "முடிச்சப் பாருங்க, முடிச்சப் பாருங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தார். கண்ணாடி போட்ட நடுவர் அம்மா ஒலிவாங்கியில் சொன்னார்: "இந்தப் பிள்ளையின் பாத வேலைக்காகவே இந்தச் சுற்றைத் திரும்பப் பார்ப்பேன்." இரண்டாம் இடம். வசந்தி என்னைக் கட்டிப்பிடித்து அழுதாள். அழுது முடித்துவிட்டு மறுபடி ஏசினாள்.

போகிறவர்களுக்குச் சில வார்த்தை. பதிவு பார்க்க நுழைவு இலவசம், ஆனால் நிழல் இல்லை. குடையும் தண்ணீரும் கொண்டுபோங்கள். கோயில் வேலையைப் பன்னிரண்டுக்கு முதல் முடியுங்கள். ஆட்டோவை நாள் முழுக்கப் பேசினால் மலிவு. நசீர் காக்கா 2,500 கேட்டார், 3,000 கொடுத்தேன், ஐந்நூறைத் திருப்பித் தந்துவிட்டு இரவுச் சாப்பாட்டுக்கு வீட்டுக்குக் கூப்பிட்டார். சாமியறையில் வைத்ததைப் பட்டியலில் எழுதுங்கள், சாமி ஒன்றும் கோபிக்காது. வெளியூருக்குப் போனால் எதையாவது மறந்துவிட்டுப் போகலாம் போலிருக்கிறது. எல்லாம் கையில் இருந்திருந்தால் நான் அந்தக் கூடாரத்தை விட்டு வெளியே வந்திருக்கவே மாட்டேன்.

நேற்று ஒளிபரப்பினார்கள். ஒழுங்கை முழுவதும் எங்கள் வீட்டில் கூடியிருந்தது. யதுசா ஆடிய நாலு நிமிடமும் திரையின் அடிப்பக்கத்தில் ஒரு தேங்காயெண்ணெய் விளம்பரப் பட்டி ஓடிக்கொண்டிருந்தது. முழங்காலுக்குக் கீழே ஒன்றும் தெரியவில்லை.