முன்கூட்டியே திட்டமிட்டு என்றொரு வரி

எழுபதுகளில் பொன்னேரியில் ஒரு வக்கீலிடம் தமிழ் டைப்பிஸ்டாக இருந்தேன். வேகமான கை எனக்கு. அந்தக் கர்வமும் இருந்தது, இல்லையென்று சொன்னால் பொய். அடிதடிப் புகார் என்று யார் வந்தாலும் ஒரு வரியைக் கண்ணை மூடிக்கொண்டு அடித்துவிடுவேன்: 'முன்விரோதத்தை மனதில் வைத்து, முன்கூட்டியே திட்டமிட்டு, கையில் ஆயுதத்துடன் வந்து...' வரப்புச் சண்டை போட்டவனுக்கும் அதே வரி, கல்யாணப் பந்தியில் சாம்பார் வாளியால் அடித்தவனுக்கும் அதே வரி. சாம்பார் வாளியை எவனாவது திட்டம் போட்டு எடுத்து வருவானா? அப்போது எனக்கு அந்தக் கேள்வி தோன்றவே இல்லை.

ஒரு நாள் பழவேற்காடு ஏரிக்கரைக் குப்பத்திலிருந்து தலையில் கட்டுடன் ஒரு வாலிபர் வந்தார். அடித்தவர் அவருடைய அக்கா புருஷன். எந்த நாளில் யார் எந்த இடத்தில் வலை போடுவது என்று அங்கே சீட்டுப் போட்டு முறை வைத்திருக்கிறார்கள். மாமாவின் முறை நாளில் இவர் தன் வலையை இறக்கிவிட்டார். கரையில் வாய்ச்சண்டை முற்றி, படகைத் தள்ளுகிற மூங்கில் கோலால் மாமா ஒரு போடு போட்டுவிட்டார்.

"ஊரே பாக்க அடிச்சிட்டாரும்மா. உடக்கூடாது" என்றார்.

"கோல் எங்கிருந்து வந்தது?"

"வூட்லேந்துதான் எடுத்தாந்தாரு."

எனக்கு அது போதும். 'வீட்டிலிருந்தே கோலுடன் புறப்பட்டு வந்து' என்று என் வரியோடு சேர்த்து அடித்தேன். வக்கீல் வேறு கேஸ் அவசரத்தில் மேலோட்டமாகப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார். வாலிபருக்குத் தன் பெயரை எழுத மட்டுமே தெரியும். அதை எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்.

சில வாரம் கழித்து, மீன் விற்ற காலிக் கூடையோடு ஒரு அம்மாள் என் மேஜைக்கு எதிரே வந்து நின்றாள். அடிபட்டவரின் அக்கா. அதாவது அடித்தவரின் மனைவி.

"நீதான் எய்தினியாம்மா? எங்க வூட்டுக்காரரு திட்டம் போட்டு அடிச்சாருன்னு மனுவுல எய்தி கீதாமே. உள்ள தள்ளிடுவாங்களாமே?"

நான் பெரிய மேதாவிபோல விளக்கினேன். கோபத்தில் அடிப்பது ஒன்று, யோசித்து வைத்து அடிப்பது வேறு, இரண்டாவது என்றால் கோர்ட்டில் இரக்கம் காட்டமாட்டார்கள் என்றேன். அவள் சிரித்துவிட்டாள்.

"திட்டமா? அந்த மனுசனா? காலைல எய்ந்தா பீடிய எங்க வெச்சோம்னு தேடிக்கினு கெடக்கறாரு!" பிறகு சிரிப்பை நிறுத்தினாள். "கோலு எப்பவும் வூட்டுக்குத்தாம்மா வரும். படகுல உட்டா எவனாவது தூக்கிக்கினு பூடுவான். எங்க குப்பத்துல கோலு இல்லாம எந்த ஆம்பள ஏரிக்குப் போறான்? அன்னிக்கு எந்தம்பி தோள்லயும்தான் கோலு இருந்திச்சு."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. இதை நான் அந்த வாலிபரிடம் கேட்டிருக்கலாம். ஒரு கேள்வி. அரை நிமிஷம்கூட ஆகியிருக்காது.

"அவரு உள்ள பூட்டா எங்க முறைக்கு யாரு வலை போடறது? நாலு புள்ளைங்கம்மா" என்று முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "ஒரு பக்கம் புருசன், ஒரு பக்கம் கூடப் பொறந்தவன். நான் எந்தப் பக்கம் போயி நிக்கறது, சொல்லு."

விசாரணை அன்று நானும் கோர்ட்டுக்கு வருகிறேன் என்று சொல்லி அவளை அனுப்பினேன். மழைக்கு முன்னால் விறகை உள்ளே எடுத்து வைத்தால் முன்யோசனைக்காரி என்கிறோம். மாசக்கடைசிக்கு அரிசி ஒதுக்கினால் முன்னேற்பாடு. வெள்ளம் வருமுன் வீட்டைக் காலி செய்தால் முன்ஜாக்கிரதை. எல்லாம் பாராட்டு. அதே யோசனையோடு ஒரு கோலைச் சேர்த்துவிட்டால் மனுஷன் குற்றவாளி. பீடியைத் தேடுகிற மனுஷனை நான் ஒரே வரியில் அப்படி ஆக்கிவிட்டேன். என்மேலேயே எனக்கு அருவருப்பாக இருந்தது.

வக்கீலிடம் சொன்னேன். "எல்லா மனுவிலும் இருக்கிற வரிதானேம்மா, இதுக்கா இவ்வளவு பேஜார் பண்றே?" என்றார்.

விசாரணை நாளில் நானே கோர்ட் வாசலுக்குப் போய் அந்த வாலிபரை நிறுத்தினேன். "உங்க மாமா திட்டம் போட்டு வந்தார்னு நீங்க சொல்லலை. நான்தான் எழுதினேன்" என்றேன்.

"நான் எப்பம்மா அப்டி சொன்னேன்?" என்று சீறினார். அதற்குள் அவர் பார்வை என்னைத் தாண்டிப் போனது. சுவரோரம் அவர் அக்கா உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் ஒரு துணிப்பை. வாய் திறந்திருந்த பையில் இரண்டு லுங்கி, ஒரு துண்டு, சோப்பு, ஒரு கட்டு பீடி.

"இன்னாக்கா இது?"

"மாமாவ உள்ள தள்ளிட்டா மாத்துத் துணி வேணும்ல? அதான் எடுத்தாந்தேன்."

அவர் குனிந்து பையின் வாயை மூடினார். கூண்டில் ஏறினதும், கேட்பதற்கு முன்பே சொல்லிவிட்டார்.

"கோவத்துல அடிச்சாருங்கய்யா. திட்டமெல்லாம் இல்ல. கோலு எங்க எல்லாரு தோள்லயும் எப்பவும் கீது. அவரு முறைல நான் வலை எறக்கனது தப்பு. ராஜியா போயிடறோம்."

மாஜிஸ்திரேட் மனுவைப் பார்த்தார், பிறகு வக்கீலைப் பார்த்தார். வக்கீல் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். மதியத்துக்குள் சமரசமாகி வழக்கு முடிந்தது.

வெளியே புங்கமர நிழலில் அந்த அம்மாள் ஒரு பெரிய தூக்கைத் திறந்தாள். மீன் குழம்பும் சோறும். மாமாவும் மைத்துனரும் ஒருவரையொருவர் பார்க்காமல் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். அவள் மடித்துவைத்திருந்த இலைகளைப் பிரித்துப் போட்டாள். நான்கு இலை.

"உக்காரும்மா."

"எனக்கெதுக்கு? இவ்வளவும் என்னாலதானே?"

"காலைல சோறு கட்டறப்பவே நாலு பேருக்குன்னுதான் கட்டினேன்."

"ஒருவேளை அவரை உள்ளே தள்ளியிருந்தா?"

"அப்பவும் உனக்குப் போட்டுட்டுத்தான் போயிருப்பேன்" என்று சொல்லி என் இலையில் சோற்றை வைத்தாள். "காலைலேந்து நீயும்தான ஒண்ணும் துன்னாம நின்னுக்கினு கீற."

நான் உட்கார்ந்தேன்.