புகைபோக்கிக்கு ஓர் ஓட்டை

நான்கு பேர் மூங்கிலில் கட்டித் தூக்கி வந்த அந்த இரும்பு அடுப்பு, தேயிலைத் தோட்டத் தொழிலாளர் லயத்தில் எங்கள் அறை வாசலில் மூன்று வாரம் மழையில் கிடந்தது. இலங்கைக்குச் சுதந்திரம் வந்து பத்துப் பன்னிரண்டு வருடம் ஆகியிருக்கும். பெரிய துரையின் பங்களாவுக்கு மின்சார அடுப்பு வந்ததால் பழைய விறகடுப்பை வெளியே போட்டிருந்தார்கள். பங்களாவில் தோட்டவேலை பார்த்த என் அண்ணன் அதைக் கேட்டு வாங்கினார். கதவின் கீல் கழன்று, உடம்பெல்லாம் துரு ஏறியிருந்தது. புகைக் குழாயைக் காணோம்.

அண்ணன் அதைக் கேட்டது அண்ணிக்காக. கொழுந்து பறித்துவிட்டு வந்து, ஜன்னல் இல்லாத ஒற்றை அறையில் ஈர விறகை ஊதி ஊதியே அவருக்கு இளைப்பு வந்துவிட்டது. மூச்சு இழுக்கும்போது கழுத்தடியில் குழி விழும். புகையில் இருக்கக்கூடாது என்றார் மருந்து கொடுக்கும் தோட்டத்து டிஸ்பென்சர். புகையில்லாமல் எப்படிச் சமைப்பது என்று அவர் சொல்லவில்லை.

அடுப்பைச் சரிசெய்வதா, வேண்டாமா என்று வீட்டில் பேச்சு நடந்தது. குழாயை வெளியே விடத் தகரக் கூரையை வெட்ட வேண்டும். "கூரை நம்மளோடதாங்க? தோட்டத்துது. வெட்ட விடமாட்டாங்க" என்றார் அண்ணி. நான் அப்போது தோட்டப் பள்ளிக்கூடத்து வாத்தியார், அவர்களோடுதான் இருந்தேன். இங்கிலீஷில் மனு எழுதினால் துரை மறுக்கமாட்டார் என்று நம்பினேன். "அடுப்ப நீங்க பாருங்கண்ணே, கடிதாசிய நான் பாத்துக்கிறேன்" என்று சொன்னவன் நான்தான்.

அண்ணன் பூண்டுலோயா டவுன் கொல்லரிடம் கீலும் குழாயும் செய்து வாங்கினார். மணல் போட்டுத் துருவைத் தேய்த்தார். என் மனுவுக்குப் பதில் வரவில்லை. கேட்கும்போதெல்லாம் "துரை மேசையில இருக்கு" என்றார் ஆபீஸ் பெரிய கிளாக்கர். அடைமழை தொடங்கியது. படுத்தால் மூச்சு முட்டுவதால் அண்ணி ஒரு வாரம் உட்கார்ந்தபடியே தூங்கினார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் அண்ணன் கூரைமேல் ஏறித் தகரத்தை வெட்டிவிட்டார்.

நான்கு நாள் எங்கள் அறையில் புகை இல்லை. அண்ணி சமைத்துக்கொண்டே பிள்ளைகளோடு பேசினார். அடுப்படியில் அவர் பேசி அதற்கு முன் நான் கேட்டதே இல்லை.

ஐந்தாம் நாள் கணக்கப்பிள்ளை வந்து அண்ணாந்து பார்த்தார். இன்றைக்கே ஓட்டையை அடைக்காவிட்டால் பத்துச்சீட்டு என்றார். பத்துச்சீட்டு கொடுத்தால் வேலையும் போகும், இருக்கிற அறையும் போகும். பிள்ளைகள் மூன்று பேர். அண்ணன் என் பக்கம் திரும்பி, "நீ படிச்சவன், சொல்லுடா, என்ன செய்யலாம்?" என்றார்.

அண்ணிதான் முடிவு செய்தார். "அடைச்சிருங்க. எனக்காகப் புள்ளைங்க ரோட்டுல நிக்க வேணாம்." அண்ணன் ஏறிய ஏணியைப் பிடித்துக்கொண்டவரும் அவரே.

மனுவுக்குக் கடைசிவரை பதில் வரவில்லை. அதற்குப் பிறகு அண்ணி இரண்டு மழைக்காலம்தான் இருந்தார். அவர் போன நாளைவிட, ஓட்டையை அடைத்த அன்றைய மாலைதான் இந்த வயதிலும் எனக்குத் தாங்க முடியாததாக இருக்கிறது. பிள்ளைகள் பசியோடு வந்தார்கள். குழாய் இல்லாமல் இரும்பு அடுப்பை எரிக்க முடியாது. அண்ணி பழையபடி மூன்று கல்லைக் கூட்டித் தீ மூட்டினார். புகை கதவு வழியாகப் பொங்கி வந்தது. வெளியே நின்ற அண்ணன், "இந்தா, கொஞ்சம் வெளிய வந்துட்டுப் போயேன்" என்று கெஞ்சினார்.

இருமலுக்கு நடுவே உள்ளேயிருந்து பதில் வந்தது: "ஒல கொதிக்குதுங்க. அரிசியப் போட்டுட்டு வந்துர்றேன்."

நாங்கள் இருவரும் மழையில் நின்றுகொண்டிருந்தோம்.