பூமியைச் சுமந்த ஆமை

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றுவிட்டவள். நாலு பேர் முன்னால் வாய் திறக்கவே கூசுவேன். எழுத்தும் கோணல்மாணலாகத்தான் வரும். நடுநடுவே மறந்தும் போகிறது. பொறுத்துக்கொண்டு படியுங்கள்.

நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது, ஏலாக்குறிச்சி மாதா கோயிலில் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் நடக்கும். வேதத்தில் உலகம் உண்டான கதையை நடத்திய சிஸ்டர், ஒருநாள் இன்னொரு கதையும் சொன்னார். அமெரிக்காவில் ஆதியிலிருந்தே வாழ்கிற இரோக்வா என்ற சனங்களின் கதையாம். எங்கும் ஒரே தண்ணீர். வானத்திலிருந்து பிள்ளைத்தாய்ச்சி ஒருத்தி விழுகிறாள். வாத்து மாதிரிப் பறவைகள் கூட்டமாகப் பறந்துபோய் இறக்கையிலேயே அவளைத் தாங்கி, ஓர் ஆமையின் முதுகில் இறக்கிவிடுகின்றன. எலி மாதிரி ஒரு சின்னப் பிராணி முங்கிப்போய் அடியிலிருந்து துளி மண்ணைக் கொண்டுவருகிறது. அந்த மண் ஆமை முதுகில் வளர்ந்து வளர்ந்து பூமியாகிவிடுகிறது!

எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. நம் கதையில் கடவுள் சொன்னதும் எல்லாம் உண்டாகிவிடுகிறது. ஆடுமாடெல்லாம் சும்மா நிற்கின்றன. இதிலோ எலிக்கும் வேலை, வாத்துக்கும் வேலை! வழியெல்லாம் குதித்துக்கொண்டே வீட்டுக்கு ஓடினேன்.

வாசலில் மாமா நின்றார், அம்மாவின் தம்பி. கயிற்றில் கட்டிய ஓர் ஆமை, பக்கத்தில் அருவாள். அம்மா அப்போது வாயும் வயிறுமாக இருந்தாள். ஆமைக்கறி தின்ன ஆசையாக இருக்கிறது என்று வாய்விட்டுச் சொல்லியிருந்தாள். பிள்ளைத்தாய்ச்சி ஆசைப்பட்டதைக் கொடுக்காவிட்டால் பிள்ளைக்கு ஆகாது என்பார்கள் எங்கள் பக்கத்தில். அதனால் மாமா ஏரியில் இறங்கித் தேடிப் பிடித்துவந்திருந்தார்.

"மாமா, வெட்டாதீங்க! அது முதுகுலதான் பூமி நிக்குது!"

"அப்படியா? ஏரியிலேர்ந்து நாந்தான தூக்கியாந்தேன். உங்க அப்பன் வூடு ஒரு பக்கமா சாஞ்சிருக்கணுமே, சாயலியே புள்ள?"

"அது ஏற்கெனவே சாஞ்சுதான் கெடக்கு" என்று அம்மா சிரித்தாள்.

நான் ஆமையின் மேல் கவிழ்ந்துகொண்டு கதை முழுவதையும் ஒரே மூச்சில் கொட்டினேன். அம்மாவின் சிரிப்பு நின்றுவிட்டது.

"நம்ம வேதத்துல, வேதனையோடதான் புள்ள பெறுவன்னு ஆண்டவரு ஏவாள்கிட்ட சொல்லிட்டாரு. அவ்வளவு ஒசரத்துலேர்ந்து விழுந்தாளே, அவ வயித்துல இருந்தது என்னடி ஆச்சு?"

"நல்லபடியா பொறந்துச்சும்மா. பொம்பளப்புள்ள."

அம்மா மாமாவின் பக்கம் திரும்பினாள்.

"தம்பி, இத ஏரியிலேயே வுட்டுட்டு வந்துடு."

"என்னக்கா, நீதான ஆசப்பட்ட?"

"ஆசை போயிடுச்சு. போடா."

மாமாவுக்கு முன்னால் ஏரிக்கு ஓடினேன். பூமியையே காப்பாற்றிவிட்ட பெருமை எனக்கு! ஆமை தண்ணீருக்குள் இறங்கியதும் கைதட்டிக் கூத்தாடினேன்.

எனக்குப் பின் பிறந்த இரண்டும் பிறந்த கையோடு போய்விட்டதை அப்போது யாரும் எனக்குச் சொல்லியிருக்கவில்லை. அம்மா எவ்வளவு பயந்துபோயிருந்தாள் என்பது, கல்யாணமாகி நான் வயிற்றில் சுமந்தபோதுதான் புரிந்தது. அந்தத் தடவை என் தம்பி நல்லபடியாகவே பிறந்தான். அரியலூரில் சிமெண்டு லாரி ஓட்டினான். இப்போது பேரனும் எடுத்துவிட்டான்.

ஒன்றுதான் உறுத்துகிறது. வானத்திலிருந்து விழுந்தவளுக்குப் பிள்ளை நல்லபடியாகப் பிறந்ததாக சிஸ்டர் சொன்னாரா, அம்மாவின் முகத்தைப் பார்த்து நானாகச் சொல்லிவிட்டேனா, நினைவில்லை. அந்தக் கதை தெரிந்தவர்கள் யாராவது சரிபார்த்துச் சொல்லுங்கள்.