ஜாமீன் கையெழுத்து

என் சட்டப் படிப்புக்காக, அப்பா தான் வேலை பார்த்த ராஜபாளையம் மில்லின் சொசைட்டியில் கடன் வாங்கினார். ஜாமீன் கையெழுத்துப் போட்டவர் கூட வேலை பார்த்த சுப்பையா மாமா.

ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டில் ஜூனியரானேன். சீனியர் தந்தது பஸ் காசு மட்டுமே. அப்பா நோயில் படுத்து வேலையை விட்டார். தவணையை யார் கட்டுகிறார்கள் என்று நான் கேட்கவேயில்லை.

ஒருநாள் வீட்டுக்கு வந்த மாமாவிடம் பொருமினேன். "தண்டப் படிப்பு மாமா! கிரிமினல் கேஸ் பார்த்து எவன் கடனை அடைச்சான்? மில்லுக்கே போயிருக்கலாம்."

"செத்த பொறுலே, கேஸு வரும். நான் வாரேன்" என்று எழுந்தார்.

அவர் உட்கார்ந்த இடத்தில் சம்பளச் சீட்டு கிடந்தது. எடுத்தவன் படித்துவிட்டேன்: "ஜாமீன் கடன் பிடித்தம், பதினான்காம் தவணை."

தெருமுனைவரை ஓடி நீட்டினேன். மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, "கோர்ட்டுக்கு நேரமாகலையா?" என்று மட்டும் கேட்டார்.

அவர் பணத்தைத் திருப்பிக் கொடுத்து வருஷங்களாகின்றன. இன்றும் என் வக்கீல் ஆபீசுக்கு யாருக்காவது ஜாமீன் கையெழுத்துப் போட ஒருவர் வந்தால், என் நாற்காலியை விட்டு எழுந்துவிடுகிறேன்.