உறவுமுறை: தம்பி

வருகையாளர் விசா கேட்பவர், தான் பார்க்க வருபவருக்கு உறவினராக இருக்க வேண்டும் என்று விதியில் எங்கும் இல்லை. வரும் காரணம் உண்மையாக இருக்க வேண்டும், செலவுக்கு வழி இருக்க வேண்டும், தவணை முடியுமுன் திரும்பிப் போக வேண்டும். அவ்வளவுதான். தேம்ஸ் கரையில் இருக்கும் மணிக்கூட்டைப் பார்க்கப் பலர் வருகிறார்கள். மணிக்கூடு உங்களுக்கு என்ன முறை என்று அவர்களை யாரும் கேட்பதில்லை.

முப்பது வருடத்துக்கு மேல் இங்கே கவுன்சிலில் பெனிபிட் என்னும் உதவிப்பண விண்ணப்பங்களைச் சரிபார்த்தவன் நான். ஓய்வு பெற்றபின், லண்டன் செவன் கிங்ஸில் எங்கள் தெருவில் யாருக்குப் படிவம் வந்தாலும் அது என் வீட்டுக்கு வந்துதான் நிரம்பும். பக்கத்து வீட்டு சர்தார்ஜியும் அப்படித்தான் வந்தார். எழுபத்தொன்பது வயது. நுரையீரல் பழுதாகி, இனி விமானம் ஏறக்கூடாது என்று டொக்டர் சொல்லியிருந்தார். பஞ்சாபில் ஒரு சின்ன ஊரில் அவருடைய தம்பி இருக்கிறார். அவரைப் பார்த்துப் பதினொரு வருடம். அண்ணன் போக முடியாது. ஆகவே தம்பி வரவேண்டும், அதுவும் அண்ணனுக்கு மூச்சு இருக்கும்போதே.

தம்பி தானாகவே விண்ணப்பித்து, மறுக்கப்பட்டிருந்தார். சர்தார்ஜி கொண்டுவந்தது அந்த மறுப்புக் கடிதத்தின் பிரதி. அண்ணன் சீக்கியர், தம்பி இந்து. இருவருடைய பிறப்புப் பதிவிலும் முகவரிகள் வேறு. எனவே நீங்கள் சகோதரர் என்பதில் எனக்குத் திருப்தி இல்லை என்று ஓர் அதிகாரி எழுதியிருந்தார். உண்மையைச் சொன்னால், வாசித்தபோது எனக்கும் திருப்தி இல்லை. அந்த நாற்காலியில் நான் இருந்திருந்தால் இன்னும் அழகான ஆங்கிலத்தில் மறுத்திருப்பேன்.

சர்தார்ஜி விளக்கினார். நாங்கள் பேசுவது ஆங்கிலம். என் நினைவில் அது என் ஊர்த் தமிழாகவே பதிந்து கிடக்கிறது. அவருடைய குடும்பம் இந்துக் குடும்பம். அந்தப் பக்கத்தில் பல இந்துக் குடும்பங்கள் மூத்த மகனைக் குருவுக்கென்று நேர்ந்து, முடி வெட்டாமல் சீக்கியனாக வளர்ப்பார்கள். அதனால் அவருக்குத் தலைப்பாகை, தம்பிக்கு இல்லை. முகவரியும் அப்படித்தான். அவர் பிறந்தது பிரிவினைக்கு முந்திய வருடம். அப்போது அந்தத் தெரு நெசவாளர் தெரு. நெசவாளர்கள் முஸ்லிம்கள், அடுத்த வருடம் எல்லோரும் எல்லை தாண்டிப் போய்விட்டார்கள். எல்லைக்கு அப்பாலிருந்து அகதிகளாக வந்தவர்கள் காலியான வீடுகளில் குடியேறி, தாங்கள் விட்டுவந்த நகரத்தின் பெயரைத் தெருவுக்கு வைத்தார்கள். தம்பி பிறந்தபோது தெருவுக்கு அந்தப் பெயர். வீடு ஒன்றுதான்.

நான் ஒரு பெரிய தாளில் கட்டம் போட்டேன். தெரு, சாதி, சமயம், பழைய பெயர், புதிய பெயர். அந்த அதிகாரிக்கு ஊரே ஒரு பக்கத்தில் விளங்கவேண்டும் என்பது திட்டம். இரண்டாம் வரியிலேயே தாள் போதவில்லை. தோல் பதனிடுபவர்கள் என்ன சமயம் என்று கேட்டேன். ஒரு வீடு சீக்கியம், ஒரு வீடு இந்து, ஒரு வீடு கிறிஸ்தவம், ஆனால் மூன்றும் ஒரே பாட்டனின் பிள்ளைகள் என்றார். ஊர்க் கோடியில் ஒரு முஸ்லிம் பெரியவரின் சமாதி இன்னும் இருக்கிறது என்றார்; அதற்கு விளக்கு வைப்பது யார் என்று கேட்டேன். ஒரு சீக்கியக் குடும்பமாம். வியாழக்கிழமைகளில் ஊரே அங்கேதானாம். அந்தக் குடும்பத்தை எந்தக் கட்டத்தில் போடுவது என்று கேட்டதற்கு, ஏன் போடவேண்டும் என்று கேட்டார். அது அவருக்கு உண்மையாகவே விளங்கவில்லை. எனக்கும் மெல்ல மெல்ல விளங்காமல் போய்க்கொண்டிருந்தது.

என் மனைவிக்கு இது நல்ல பொழுதுபோக்கு. சர்தார்ஜி என்னைக் கூப்பிடும் 'பாஜி', பஞ்சாபியில் அண்ணன். மனைவியின் காதில் அது பஜ்ஜியாகத்தான் விழும். தமிழர் நிறைந்த ஈஸ்ட் ஹாமில் பஜ்ஜிக் கடை போடலாம் என்பாள். அன்று அவர் போனபின் தாளை எட்டிப் பார்த்தாள்.

"இஞ்சாருங்கோ, உங்களுக்குக் காய்ச்சல் எண்டு சைவக்காரியான உங்கடை அம்மா வேதக்கோயில் மடு மாதாவுக்கு நேர்ந்தவ. அதை எந்தப் பெட்டிக்குள்ளை போட்டனீங்கள்?"

நாங்கள் வேறு, அவர்கள் வேறு என்று ஏதோ சொன்னேன். எப்படி வேறு என்று அவள் கேட்குமுன் தாளைத் திருப்பி வைத்தேன். 

அதன் பிறகுதான் எனக்கு முதலில் சொன்ன விதி நினைவுக்கு வந்தது. உறவை நிரூபிக்கத் தேவையே இல்லை. புது விண்ணப்பத்தில் உறவுமுறை என்ற இடத்தில் 'நண்பர்' என்று போட்டால் சமயமும் தெருவும் கேள்விக்கே வராது. இவ்வளவு தாளை வீணாக்கிய பிறகு கிடைத்த வழி என்பதால் சற்றுப் பெருமையோடு போய்ச் சொன்னேன்.

சர்தார்ஜி ஒரு தரம் இருமி, மூச்சை வாங்கிக்கொண்டார்.

"நண்பன் எண்டு எழுதினால் விசா வரும், பாஜி. ஆனால் வாறது ஆர்? என்ரை தம்பி இல்லையே."

இது வெறும் படிவம் என்றேன். படிவம் என்பதால்தான் தானும் சொல்வதாகச் சொன்னார். அவர்களுடைய அப்பா இரண்டு பிள்ளைகளையும் ஒரே தட்டில் சாப்பிட வைத்தவராம். அழைப்புக் கடிதத்தில் தன் கையெழுத்தைப் போட்டு அதை இல்லையென்று சொல்ல ஏலாது என்றார். 

ஆகவே தம்பி என்றே எழுதினோம். இரண்டு தெருப்பெயரும் ஒரே தெருவுக்குத்தான் என்று ஊர் நகரசபையிடம் கடிதம் வாங்கி அனுப்பும்படி தம்பியிடம் சொன்னேன். கடிதம் வந்தது, முத்திரையோடு. ஆம், இரண்டும் ஒன்றே என்றது. கூடவே, பேச்சுவழக்கில் அந்தத் தெருவுக்கு மூன்றாவதாக ஒரு பெயரும் உண்டு என்றும் சொன்னது. அந்தப் பெயர் எங்கிருந்து வந்தது என்று சர்தார்ஜிக்கும் தெரியவில்லை. முழு ஆவணத்தையே இணைக்க வேண்டும், வசதியான பகுதியை மட்டும் வெட்டி எடுக்கக் கூடாது என்பது நடைமுறை. இணைத்தேன். கட்டம் போட்ட தாளை மடித்து வைத்துவிட்டு, ஒரு பக்கக் கடிதம் எழுதினேன். இந்த ஊரில் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் இரண்டு சமயத்தவராக இருப்பது வழக்கம். வீடு இடம் மாறவில்லை, தெருவின் பெயர்தான் மாறியது. எழுதியதை வாசித்தபோது, பொய் சொல்பவர்கள் எழுதும் கடிதம் போலவே இருந்தது.

மூன்று வாரத்தில் முடிவு சொல்வோம் என்றார்கள். மூன்று வாரம் போனது. பிறகு இன்னும் ஆறு வாரம். இடையில் சர்தார்ஜி ஒருமுறை ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சிறிய ஒட்சிசன் இயந்திரத்தோடு திரும்பினார். நான் நினைவூட்டல் அனுப்பினேன், குறிப்பு எண்ணோடு. நினைவூட்டல் கிடைத்தது என்று ஒரு தானியங்கி எனக்கு நன்றி சொன்னது.

கடைசியில் தம்பிக்கு மின்னஞ்சல் வந்து, அவர் அதை எனக்கு அனுப்பினார். அனுமதி, ஆறு மாதம். அச்செடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போய் வாசித்துக் காட்டினேன். சர்தார்ஜி, தம்பி என்று அதில் எழுதியிருக்கிறதா என்று கேட்டார். மறுபடி வாசித்தேன். சகோதரன் என்றும் இல்லை, நண்பன் என்றும் இல்லை. தெருவைப் பற்றியோ சமயத்தைப் பற்றியோ ஒரு சொல்லும் இல்லை. முதல் தரம் நம்பாததை இப்போது நம்பினார்களா, அல்லது என் கடிதத்தை யாரும் திறக்கவே இல்லையா என்று என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. தம்பி என்று கேட்டதற்குத்தான் அனுமதி, ஆகவே தம்பி என்று ஏற்றுக்கொண்டதாகத்தான் அர்த்தம் என்றேன். அவர் தலையை ஆட்டி, தாளை வாங்கி, தம்பிக்கு டெலிபோன் எடுத்தார்.

நான் சொன்ன அர்த்தம் நடைமுறைப்படி சரியா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. பதில் வந்தது மார்ச் பன்னிரண்டாம் திகதி, அவர்களுடைய ஊரே சமாதிக்குப் போகும் வியாழக்கிழமை.